சொந்தமாக என்ஜின் வேலை பார்த்த பிறகு வண்டி நடுங்குகிறதா? பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ராமமூர்த்தி நகரில் எங்கள் குடியிருப்பின் பார்க்கிங்கில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக்குக்கு மூன்று வேலை செய்தேன். நான்கு ஸ்பார்க் பிளக்கும் மாற்றினேன். ஏர் ஃபில்டர் மாற்றினேன். என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைக் கழற்றி, ஸ்பிரே அடித்துத் துடைத்து, திரும்ப மாட்டினேன். செல்ஃப் அடித்தேன், வண்டி எடுத்தது. எடுத்த கையோடு நடுங்கவும் ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமலேயே ரேஸ், அதாவது என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று (ஆர்பிஎம்), 1,400 வரை ஏறும், 600க்கு இறங்கும், மறுபடி ஏறும். கூடவே டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு.

அதைச் சரிசெய்ய எனக்கு 14 நாளும் ₹4,650ம் ஆனது. கடைசியில் தேவைப்பட்டது ₹90க்கு ஒரு ரப்பர் பேக்கிங், ₹150க்கு ஒரு கப்ளர், அதாவது ஒயரின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் சொருகி. மீதிப் பணத்தில் பாதிக்கு மேல் தேவையே இல்லாத சாமான். நான் தடுமாறிய வரிசையில் நீங்களும் தடுமாற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது பெட்ரோல் ஊசி முறை வண்டிகளுக்கு மட்டும். கார்புரேட்டர் வண்டிக்கும் டீசலுக்கும் கதை வேறு.

1. முதலில் விளக்கின் நிறத்தைப் பாருங்கள்

சிவப்பு விளக்கு என்றால் உடனே என்ஜினை நிறுத்துங்கள். எண்ணெய்க் குடுவை போல இருக்கும் ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் "வீட்டு வாசல் வரைக்கும்தானே" என்று ஓட்டாதீர்கள். ஆயில் ஃபில்டர் மாற்றியவர்கள் இதில் ஒன்றைச் சோதிக்க வேண்டும்: பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் சில சமயம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன் மேலேயே புது ஃபில்டரை முறுக்கினால் இரண்டு ரப்பர்களுக்கு நடுவே ஆயில் பீறிக்கொண்டு வரும். சிவப்பு பாட்டரி விளக்கு என்றால் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் பாருங்கள். வெப்பநிலை விளக்கு என்றால், அதிலும் கூலன்ட் மாற்றிய பிறகு என்றால், உள்ளே காற்று சிக்கியிருக்கலாம். என்ஜின் முழுக்க ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது.

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் பதற்றம் வேண்டாம். வண்டி ஓடும், ஆனால் பார்க்க வேண்டும். மஞ்சள் விளக்கு மினுக்கு மினுக்கென்று அடித்தால் ஓட்டாதீர்கள். ஏதோ ஒரு சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போய், அங்கே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது என்று அர்த்தம். அது உருகிப்போனால் புதிதாக வாங்க ஐந்து இலக்கத்தில் எண்ண வேண்டியிருக்கும். ₹150 கப்ளருக்காக அந்த நிலைக்குப் போக வேண்டாம்.

இன்னொன்று. தரைக்குக் கீழே இருக்கும் பார்க்கிங்கில் என்ஜினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. வண்டியைத் தள்ளிக்கொண்டாவது திறந்த இடத்துக்கு வாருங்கள். ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று தானாகச் சுற்றும், சில வண்டிகளில் சாவியை அணைத்த பிறகும் சுற்றும். ஞாயிற்றுக்கிழமை லுங்கியில் போய் பானெட்டுக்குள் குனிவது நம் வழக்கம்தான், அன்றைக்கு மட்டும் பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

2. தாள்களை எடுத்து வையுங்கள்

இது சின்ன வேலை, ஆனால் பின்னால் நேரம் மிச்சமாகும். முதலில் ஆர்.சி. அதில் சேசிஸ் எண்ணும் வண்டி தயாரான மாதமும் வருடமும் இருக்கும். ஸ்பேர் கடையில் "2014 மாடல்" என்று மட்டும் சொன்னால் போதாது. ஒரே பெயரில் ஒரே வருடத்தில் இரண்டு விதமான த்ராட்டில் பாடி வந்திருக்கும். சேசிஸ் எண்ணைச் சொன்னால் கடைக்காரர் கணினியில் பார்த்துச் சரியான பார்ட் எண்ணைத் தருவார். போனில் ஒரு போட்டோ போதும்.

அடுத்தது வாங்கிய சாமான்களின் பில். காயில் (பிளக்குக்குப் பொறி மின்சாரம் தருவது), சென்சார் போன்ற மின்சாமானை ஒருமுறை வாங்கிப் பெட்டியைப் பிரித்துவிட்டால் பெரும்பாலான கடைகளில் திரும்ப எடுக்க மாட்டார்கள். வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை, அதனால் ₹1,450 காயில் ஒன்று இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

பிறகு இன்சூரன்ஸ் தாள். நீங்களே வேலை பார்த்துப் பழுதானதற்கு அது பணம் தராது. ஆனால் சாலையோர உதவி சேர்த்து எடுத்திருந்தால் வண்டியைக் கட்டி இழுத்துப் போக அந்த எண்ணைக் கூப்பிடலாம். வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால் எதையும் கழற்றும் முன் வாரண்டிப் புத்தகத்தைப் படியுங்கள். நீங்கள் கைவைத்த பாகத்துக்கு அவர்கள் பொறுப்பேற்க மறுக்கலாம்.

3. பழுதுக் கோடை (code) படியுங்கள், அழிக்காதீர்கள்

நான் செய்த முதல் தப்பு இதுதான். மாடி வீட்டு மாமா எட்டிப் பார்த்து, "பாட்டரி ஒயரைக் கழட்டிப் பத்து நிமிஷம் விடுப்பா, எல்லாம் சரியாயிடும்" என்றார். கழற்றினேன். விளக்கு போனது. இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தது. அந்த இரண்டு நாளும் வண்டி நடுங்கிக்கொண்டேதான் இருந்தது, எதனால் என்று சொல்ல ஆளில்லை. பாட்டரியைக் கழற்றினால் என்ஜின் கணினியில் பதிவான கோடு, அதாவது என்ன பழுது என்று சொல்லும் குறியீட்டு எண், அழியும். கோடு விழுந்த நொடியில் என்ஜின் எந்த நிலையில் இருந்தது என்ற பதிவும் அழியும். வண்டி இத்தனை வருடம் ஓடிக் கற்றுக்கொண்ட ஐட்லிங் (பெடலைத் தொடாதபோது என்ஜின் ஓடும் வேகம்) கணக்கும் போய்விடும். சாட்சியை நாமே அனுப்பிவிட்டு விசாரணை நடத்துவது போலத்தான்.

விளக்கு ஏன் இரண்டு நாள் கழித்து வந்தது? பல பழுதுகளை என்ஜின் கணினி ஒரே ஓட்டத்தில் நம்பாது. அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் அதே பழுது தெரிந்தால்தான் விளக்கைப் போடும். அதுவரை அது நிலுவைக் கோடாக உள்ளே இருக்கும். எனவே விளக்கு எரியாவிட்டாலும் கோடைப் படிக்கலாம்.

படிக்கத் தேவையானது ஒரு ஓபிடி புளூடூத் கருவி, அதாவது என்ஜின் கணினியை போனோடு இணைக்கும் சின்னக் கருவி. 2013 ஏப்ரலில் இருந்து பிஎஸ்4 கார்களில் ஓபிடி-2 கட்டாயமானது. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம் தேடினால் 16 பின் உள்ள சாக்கெட் இருக்கும். நான் எஸ்.பி. ரோட்டில் ₹1,100க்கு வாங்கினேன். அதைவிடப் பாதி விலைக்கும் கிடைக்கிறது, ஆனால் மிக மலிவானவை சில வண்டிகளோடு பேசாது. ஐபோன் வைத்திருப்பவர்கள் சாதாரண புளூடூத் கருவி வாங்காதீர்கள். வைஃபை அல்லது ஐபோனுக்குச் சேரும் என்று எழுதியதாகப் பார்த்து வாங்குங்கள். சொருகி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, போனில் இணைத்து, டார்க் அல்லது கார் ஸ்கேனர் போன்ற செயலியைத் திறந்தால் கோடு தெரியும். இணைக்கும்போது எண் கேட்டால் பெரும்பாலும் 1234 அல்லது 0000.

வந்த கோடுகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதோடு "ஃப்ரீஸ் ஃபிரேம்" என்ற பகுதியையும் எடுங்கள். கோடு விழுந்தபோது எத்தனை ஆர்பிஎம், என்ஜின் சூடா குளிரா, வண்டி ஓடியதா நின்றதா என்று அதில் இருக்கும். இதையெல்லாம் எடுத்த பிறகு வேண்டுமானால் அழியுங்கள்.

வீட்டு வேலைக்குப் பின் அடிக்கடி வருபவை இவைதான். பி0301 முதல் பி0304 வரை: அந்தந்த எண்ணுள்ள சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. ஒன்றாம் எண் பெரும்பாலும் டைமிங் செயின் அல்லது பெல்ட் இருக்கும் பக்கம். பி0300 என்றால் மிஸ்ஸிங் இருக்கிறது, ஒரே சிலிண்டரில் இல்லை. பி0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. பி0507 என்றால் ஐட்லிங் இருக்க வேண்டியதைவிட உயரம், பி0506 என்றால் தாழ்வு. பி0113 வந்தால் காற்று வெப்பநிலை சென்சாரின் கப்ளரை மாட்ட மறந்திருப்பீர்கள். செயலியில் காற்று வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். சிவாஜி நகரில் மைனஸ் 40 என்றால் சென்சாரை மாற்ற வேண்டியதில்லை, கப்ளரைத் தேடுங்கள்.

எனக்கு வந்தவை பி0507, பி0303. ஒரே வேலைக்குப் பின் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு. ஒரே காரணம்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன்.

4. கை போன இடமெல்லாம் திரும்பப் போங்கள்

ஹலசூர் பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். அங்கே இருப்பவர் வேலூர்க்காரர். நான் கோடு, சென்சார், பெட்ரோல் தரம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், சனிக்கிழமை வரைக்கும் வண்டி நல்லா இருந்துச்சுல்ல? அப்போ ஞாயித்துக்கிழமை நீங்க கை வெச்ச எடத்த மட்டும் பாருங்க" என்றார். அவ்வளவுதான். பணம்கூட வாங்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். பத்து வருடம் ஓடிய சென்சார், நீங்கள் பிளக் மாற்றிய அதே காலையில் தற்செயலாகச் சாக வாய்ப்பு மிகக் குறைவு. நீங்கள் கழற்றி மாட்டியது தளர்ந்திருக்க, உடைந்திருக்க, மறந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். அதனால் காசு செலவில்லாத இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். என்ஜின் ஆறிய பிறகு, நல்ல வெளிச்சத்தில், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அன்றைக்குச் செய்ததை ஒன்றுவிடாமல் ஒரு தாளில் எழுதுங்கள். எந்த போல்ட், எந்த கப்ளர், எந்த ஹோஸ், எதை ஓரமாகத் தள்ளினீர்கள், எதன் மேல் முழங்கையை ஊன்றினீர்கள் என்பது வரை. பிறகு அந்த வரிசையில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். பார்த்தால் மட்டும் போதாது, தொட வேண்டும்.

பிளக் மாற்றியவர்களுக்கு: காயிலின் கப்ளரைச் சொருகும்போது "டிக்" என்று சத்தம் கேட்க வேண்டும். பழைய வண்டியில் என்ஜின் சூட்டில் அந்த பிளாஸ்டிக் பூட்டு காய்ந்து மொறமொறவென்று ஆகியிருக்கும், கழற்றும்போதே உடையும். கப்ளர் இடத்தில் உட்கார்ந்த மாதிரித்தான் தெரியும், வண்டி குலுங்கினால் விலகும். என் மூன்றாம் சிலிண்டரில் நடந்தது இதுதான். ஒயரை மெதுவாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. அதை நான் தொட்டது பத்தாவது நாள். அதற்குள் பிளக்கில்தான் கோளாறு என்று இன்னொரு செட் பிளக் ₹640க்கு வாங்கி மாற்றியிருந்தேன், பிறகு அந்தக் காயிலும் வாங்கியிருந்தேன்.

காயில் கெட்டதா என்று தெரிந்துகொள்ளக் காசே வேண்டாம். மூன்றாம் சிலிண்டர் காயிலைக் கழற்றி இரண்டாவதில் போடுங்கள், இரண்டாவதை மூன்றில் போடுங்கள். கோடை அழித்து ஓட்டுங்கள். பி0303 மாறி பி0302 வந்தால் காயில் கெட்டது. பி0303 அங்கேயே நின்றால் காயில் நல்லது. அடுத்து பிளக்கை இதே போல இடம் மாற்றிப் பாருங்கள். அதற்கும் கோடு நகரவில்லை என்றால் கப்ளர், ஒயர், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் என்று போக வேண்டும். இதை நான் காயில் வாங்குவதற்கு முன்பு செய்திருக்க வேண்டும்.

பிளக் கீழே விழுந்ததா? விழுந்திருந்தால் அதைப் போடாதீர்கள். வெள்ளைப் பீங்கானில் முடிக் கீறல் விழுந்திருந்தாலும் மின்சாரம் அதன் வழியே தப்பிவிடும், முனையின் இடைவெளியும் மாறியிருக்கும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று பிளக் பெட்டியிலேயே படம் போட்டிருக்கும். வாஷர் உள்ள புது பிளக் பலவற்றுக்குக் கையால் இறுகும்வரை முறுக்கி, அதன் பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று. அதற்கு மேல் பலத்தைக் காட்டினால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும், அது வேறு லெவல் செலவு. என்ஜின் சூடாக இருக்கும்போது இந்த வேலையே வேண்டாம்.

காயில் ஒன்றாக இருந்து, அதிலிருந்து பிளக்குகளுக்கு ஒயர் ஓடும் பழைய வண்டி என்றால் ஒயர் இடம் மாறியிருக்கலாம். பெரும்பாலான நான்கு சிலிண்டர் வண்டிகளில் எரியும் வரிசை 1-3-4-2. அடுத்த முறை ஒயர் ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் எழுதிவிட்டுக் கழற்றுங்கள்.

ஏர் ஃபில்டர் மாற்றியவர்கள் பெட்டியின் கிளிப் எல்லாம் விழுந்ததா, ஃபில்டரின் ரப்பர் விளிம்பு மடங்காமல் உட்கார்ந்ததா, த்ராட்டில் பக்கம் போகும் பெரிய ஹோஸின் கிளாம்ப் இறுகியதா, அதன் அடியில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாது, விரலை விட்டுத் தடவ வேண்டும். ஆயில் மாற்றியவர்கள் டிப்ஸ்டிக்கையும் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஆயில் மூடியையும் முழுக்க அழுத்தி மூடினீர்களா? சில வண்டிகளில் அதன் வழியாகக்கூடக் காற்று புகுந்து ஐட்லிங் கெடும்.

பாட்டரியைக் கழற்றியிருந்தால் மைனஸ் ஒயர் பாடியில் சேரும் இடத்தையும் இறுக்கிப் பாருங்கள்.

5. உள்ளே ஓடும் எண்களைப் பாருங்கள்

அதே ஓபிடி கருவி என்ஜின் ஓடும்போது எண்களையும் காட்டும். எல்லாவற்றையும் பார்த்துக் குழம்ப வேண்டாம், ஐந்தாறு போதும்.

காலையில் முதல் முறை சாவியைத் திருப்பி, என்ஜினை எடுக்காமல், கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் ஓரிரண்டு டிகிரிக்குள் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 22, இன்னொன்று 60 என்றால் அந்த சென்சார் பொய் சொல்கிறது. பாட்டரி வோல்டேஜ் என்ஜின் ஓடாதபோது 12.4க்கு மேல், ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரை. என்ஜின் சூடாகி ஏசி அணைந்த நிலையில் பல வண்டிகளில் ஐட்லிங் 700 முதல் 850க்குள் நிற்கும். உங்கள் வண்டியின் சரியான எண் மேனுவலில் இருக்கும். மூன்று சிலிண்டர் வண்டி வைத்திருப்பவர்கள் இங்கே ஏமாற வேண்டாம், அது பிறவியிலேயே கொஞ்சம் நடுங்கும். வேலைக்கு முன்பு இருந்ததைவிட அதிகமா என்பதுதான் கேள்வி.

இப்போது பெங்களூருக்கென்றே ஒரு பொறி. த்ராட்டிலிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தைக் காட்டும் மேப் சென்சார். என்ஜினை எடுக்காமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டும். 100 அல்லது 101 கிலோபாஸ்கல் வர வேண்டும் என்றுதான் எங்கு படித்தாலும் இருக்கும். எனக்கு 91 காட்டியது. சென்சார் போச்சு என்று முடிவுகட்டி விலை விசாரித்துவிட்டேன். சென்னையில் இருக்கும் தம்பியிடம் அவன் வண்டியில் பார்க்கச் சொன்னேன், 100 என்றான். அப்போதுதான் உறைத்தது: நாம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். இங்கே 90, 91 என்பதுதான் சரி. என்ஜின் சூடாகி ஐட்லிங்கில் ஓடும்போது அது சுமார் 30 முதல் 40க்கு இறங்க வேண்டும். இறங்காமல் 50, 55 என்று நின்றால் எங்கோ திருட்டுக் காற்று புகுகிறது.

அடுத்தது ஃப்யூவல் ட்ரிம், அதாவது கணக்குப்படி ஊற்ற வேண்டிய பெட்ரோலைவிட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்ற எண். குறுகிய காலம், நீண்ட காலம் என்று இரண்டு இருக்கும். இரண்டையும் கூட்டினால் பிளஸ் 10க்கும் மைனஸ் 10க்கும் நடுவே இருந்தால் கவலையில்லை. ஐட்லிங்கில் பிளஸ் 20 காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் ரேஸ் பிடித்தால் குறைகிறது என்றால் காற்றுக் கசிவு.

ஆனால் இந்த விதி ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே காற்றளவு சென்சார், அதாவது மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிகளுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். நம் ஊர் சின்ன கார்கள் பலவற்றில் அது இல்லை, மேப் சென்சார் மட்டும்தான். கசிவு வழியாக வரும் காற்றையும் மேப் சென்சார் கணக்கில் எடுத்துக்கொள்ளும், அதற்கேற்பப் பெட்ரோலும் ஊற்றப்படும். ஃப்யூவல் ட்ரிம் நல்ல பிள்ளையாக இருக்கும், ஐட்லிங் மட்டும் ஏறி இறங்கும். என் வண்டியில் ட்ரிம் பிளஸ் 4. அதைப் பார்த்து "கசிவு இல்லை" என்று எழுதி வைத்தேன். கசிவுதான் இருந்தது.

6. காற்று எங்கே புகுகிறது?

பி0507 வந்தவர்களும், த்ராட்டில் பாடி கழற்றியவர்களும் இந்தப் படியைத் தாண்ட வேண்டாம். திறந்த இடத்தில் என்ஜினை ஐட்லிங்கில் விடுங்கள். முதலில் காதைக் கொடுங்கள், "ஸ்ஸ்" என்று உறிஞ்சும் சத்தம் வருகிறதா? அடுத்து, த்ராட்டிலுக்குப் பின்னால் மேனிஃபோல்டில் சேரும் ஒவ்வொரு ரப்பர் ஹோஸையும் துணி சுற்றிய பிளையரால் மெதுவாக நசுக்கிப் பாருங்கள். ஒன்றை நசுக்கும்போது ரேஸ் சட்டென்று அடங்கினால் அந்த வழியில் கசிவு. பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸையும் விட வேண்டாம்.

பிறகு துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்து, சோப்புத் தண்ணீரை த்ராட்டில் பாடி மேனிஃபோல்டோடு சேரும் விளிம்பில் மட்டும் பீய்ச்சுங்கள். கசிவு இருந்தால் தண்ணீர் ஒரு நொடி அதை அடைக்கும், ரேஸ் மாறும். காயில் மேலும் கப்ளர் மேலும் படக் கூடாது. கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை அடித்துப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. அது தீப்பிடிக்கும் சாமான், அடியில் எக்ஸாஸ்ட் கொதிக்கிறது. ஊதுபத்திப் புகையை வைத்துப் பார் என்றும் ஒருவர் சொன்னார். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் ஊதுபத்தியா? சாமி படத்துக்கு முன்னால் மட்டும் ஏற்றுங்கள்.

எனக்கு த்ராட்டில் விளிம்பில் தண்ணீர் பட்டவுடன் 1,300ல் இருந்து 900க்கு வந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்த ரப்பர் பேக்கிங் தட்டையாகி, கல் மாதிரி இறுகியிருந்தது. பழையதையே திரும்பப் போட்டிருந்தேன். ஸ்பேர் கடைக்காரர் அதைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "ஹளே பேக்கிங் ஹாக்பேடி சார்." பழைய பேக்கிங் போடாதீர்கள். பத்து வருட வண்டியில் எந்த ரப்பரைக் கழற்றினாலும் புதியது கையில் இருக்கும்போதே கழற்றுங்கள்.

ஸ்பேர் வாங்க ஜே.சி. ரோடு. டவுன் ஹாலில் இருந்து மினர்வா சர்க்கிள் வரை இரண்டு பக்கமும் கடைகள்தான். வண்டி நடுங்கும்போது அதில் போக வேண்டியதில்லை, மெட்ரோவில் கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கி நடந்துவிடலாம். எஸ்.பி. ரோட்டுக்கு சிக்கபேட்டை நிலையம். இரண்டு ரோட்டிலும் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், வீட்டில் என்ஜின் வேலை செய்வதென்றால் சனிக்கிழமை காலையில் ஆரம்பியுங்கள். ஒன்று உடைந்தால் மதியத்துக்குள் போய் வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை உடைந்தால் திங்கட்கிழமை ஆபீசுக்கு ஆட்டோ. பழைய பேக்கிங்கையும் உடைந்த கப்ளரையும் கையோடு எடுத்துப் போங்கள். தமிழ், கன்னடம், உருது எந்த மொழியில் பேசினாலும் கையில் சாமான் இருந்தால்தான் வேலை சீக்கிரம் முடியும்.

கப்ளரை வாலோடு, அதாவது ஒயர் துண்டோடு சேர்ந்ததாக வாங்குங்கள். ஒவ்வொரு ஒயராக வெட்டி, நிறம் பார்த்துச் சேர்த்து, சால்டர் வைத்து, வெப்பத்தில் சுருங்கும் குழாய் போடுங்கள். சால்டர் வராதென்றால் ஆட்டோ எலக்ட்ரீசியன் பத்து நிமிடத்தில் செய்துவிடுவார்.

7. வண்டிக்கு மறுபடி கற்றுக்கொடுங்கள்

த்ராட்டிலில் படிந்திருந்த கரியைத் துடைத்தால், அதே திறப்பில் முன்பைவிட அதிகக் காற்று போகும். என்ஜின் கணினி இன்னும் அழுக்கு த்ராட்டிலுக்கான கணக்கிலேயே இருக்கும். அதனால் எந்தப் பழுதும் இல்லாமலே சில நாள் ஐட்லிங் உயரமாக இருக்கலாம். உங்கள் மாடலுக்கென்று ரீலேர்ன் முறை இருந்தால் அதையே செய்யுங்கள். இல்லையென்றால் பல வண்டிகளில் இது வேலை செய்யும்: பெடலைத் தொடாமல் சாவியை ஆனில் அரை நிமிடம் வையுங்கள், அணையுங்கள், பிறகு எடுங்கள். ஃபேன் ஒருமுறை சுற்றி நிற்கும்வரை ஏசி இல்லாமல் ஐட்லிங்கில் விடுங்கள். அப்புறம் பத்து நிமிடம் ஏசி போட்டு விடுங்கள். அதன் பிறகு இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டுங்கள். அவுட்டர் ரிங் ரோட்டில் சாயங்காலம் போனால் அது முழுக்க ஐட்லிங் பயிற்சிதான், விடியற்காலையில் போங்கள்.

பெடலிலிருந்து கேபிள் வராத, மின்மோட்டாரால் திறக்கும் த்ராட்டிலின் தட்டை சாவி ஆனில் இருக்கும்போது விரலால் தள்ளாதீர்கள். உள்ளே இருக்கும் பல்சக்கரம் பிளாஸ்டிக். விரலும் மாட்டும்.

பழுது போனபின் கோடை அழிக்காமல் விட்டாலும், பழுதில்லாத மூன்று ஓட்டங்களுக்குப் பின் விளக்கு தானாகவே அணையும். நான் அழித்துவிட்டு ஒரு வாரம் நிலுவைக் கோடுகளை மட்டும் தினமும் பார்த்தேன்.

8. எப்போது கையை எடுக்க வேண்டும்?

இரண்டு சனிக்கிழமை போயும் சரியாகவில்லை என்றால், அல்லது விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால், அல்லது நீங்கள் டைமிங் செயின், பெல்ட் பக்கம் கைவைத்திருந்தால், ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். பெல்ட் ஒரு பல் நழுவியிருக்கும்போது என்ஜினைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது ஆபத்து.

போகும்போது அந்தத் தாளையும் ஸ்கிரீன்ஷாட்களையும் கொண்டு போங்கள். நான் முதலில் போன இடத்தில் என்ன செய்தேன் என்பதை வெட்கத்தில் மறைத்தேன். ஸ்கேன் செய்ய வரியோடு ₹590 வாங்கிக்கொண்டு, த்ராட்டில் பாடி முழுசாக மாற்ற வேண்டும் என்று ₹16,000க்கு எஸ்டிமேட் தந்தார்கள். அவர்களுக்கு என் பழைய பேக்கிங் கதை தெரியாதே. ஸ்கேன் ரிப்போர்ட்டை அச்செடுத்துக் கேளுங்கள், எஸ்டிமேட்டில் சாமானும் கூலியும் தனித்தனியாக இருக்கட்டும், "மாற்றியும் சரியாகவில்லை என்றால் என்ன?" என்று முன்பே கேளுங்கள். அதற்கு நேரான பதில் வராத இடத்தில் வண்டியை விட வேண்டாம்.

9. எமிஷன் டெஸ்ட்

இதைப் பலர் மறக்கிறார்கள். பழைய புகைச் சான்றிதழுக்கு நாள் மிச்சமிருந்தாலும், இந்த மாதிரி வேலைக்குப் பின் ஒருமுறை டெஸ்ட் எடுங்கள், சில நூறு ரூபாய்க்குள் முடியும். பெட்ரோல் பங்க் பக்கத்தில் வேனில் உட்கார்ந்திருப்பவரே போதும். பிஎஸ்4 பெட்ரோல் காருக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறியிருந்தால் இன்னும் எங்கோ மிஸ்ஸிங் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு எகிறியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஸ்கேன் செய்யக் கொடுக்கும் பணத்தைவிடக் குறைந்த செலவில் கிடைக்கும் ரிப்போர்ட் இது. செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லாமல் பிடிபட்டால் சட்டத்தில் அபராதம் ₹10,000 வரை போகலாம்.

டெஸ்டுக்குப் போகும் முன் பதினைந்து நிமிடமாவது ஓட்டி என்ஜினைச் சூடாக்குங்கள். குளிர்ந்த என்ஜினில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வேலையே ஆரம்பித்திருக்காது, நல்ல வண்டிக்கும் எண் மோசமாக வரும். உங்களுக்கு முன்னால் நாலைந்து வண்டி நின்றால் வேறு பங்குக்குப் போய்விடுங்கள், காத்திருப்பதில் சூடு ஆறிவிடும்.